கோடு போடக் கற்ற இயந்திரங்கள்

கலிஃபோர்னியா மாநிலம் மவுன்டன் வியூ நகரில், நார்த் ஷோர்லைன் சாலையில் இருக்கிறது கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம். கணினி வரைகலை எப்படிப் பிறந்தது என்று புத்தகங்களில் படித்தவர்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும். பழைய பெட்டிகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவது எந்த அருங்காட்சியகத்திலும் நடக்கும். இங்கே அறுபது வயதைத் தாண்டிய கணினிகள் இன்றும் ஓடுகின்றன. செயல்விளக்கம் உள்ள ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துப் போனேன்.

முதலில் ஐபிஎம் 1401 இருக்கும் அறை. உள்ளே நுழைவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிடுகிறது. நிமிடத்துக்கு 800 துளை அட்டைகளை வாசிக்கும் கருவி ஒருபுறம் சடசடக்க, நிமிடத்துக்கு 600 வரி அச்சடிக்கும் பிரிண்டர் மறுபுறம் இரைகிறது. அதை ஓட்டுபவர்கள் ஓய்வுபெற்ற பொறியாளர்கள், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பார்க்க வந்தவர்களின் பெயரை அட்டையில் துளையிட்டுக் கொடுக்கிறார்கள். குழந்தைகள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

1959-ல் அறிவிக்கப்பட்ட இந்த இயந்திரம் வணிகக் கணக்குக்காகச் செய்யப்பட்டது. நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துகள். பெருக்கலும் வகுத்தலும் வேண்டுமென்றால் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். வரைகலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால் இங்கிருந்து அதிகத் தூரமில்லாத சான் ஹோசே நகரின் ஐபிஎம் ஆய்வகத்தில், இதே ரகக் கணினியோடு, காகிதத்தில் பேனாவால் கோடு போடும் கால்காம்ப் பிளாட்டர் ஒன்றை இணைத்து 1962-ல் வேலை செய்துகொண்டிருந்தார் ஜாக் பிரெசன்ஹாம். நம் பொறியியல் கல்லூரிகளில் வரைகலைப் பாடம் படித்த எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். தேர்வில் தவறாமல் வரும் கேள்வி அவருடைய அல்காரிதம்.

அந்த பிளாட்டரின் பேனா எட்டுத் திசைகளில் மட்டும், சின்னச் சின்ன அடிகளாக நகரும். சாய்கோடு போட வேண்டுமென்றால் ஒவ்வோர் அடியிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: நேராகப் போவதா, ஒரு படி ஏறிப் போவதா? பின்னக் கணக்குப் போட்டால் இயந்திரம் திணறும். பிரெசன்ஹாம் கூட்டல், கழித்தல், குறி பார்த்தல் ஆகிய மூன்றை வைத்தே வேலையை முடித்தார்.

வலப்பக்கம் 5 அடி, மேலே 2 அடி போகும் கோட்டை எடுத்துக்கொள்வோம். ஏற்றத்தின் இரட்டிப்பான 4-லிருந்து நீளமான 5-ஐக் கழித்தால் −1. இதுதான் தொடக்கப் பாக்கி. பாக்கி எதிர்மறையாக இருந்தால் நேராகப் போய் 4-ஐக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு படி ஏறி 6-ஐக் கழிக்க வேண்டும். −1, 3, −3, 1, −5 என்று எண் மாறிக்கொண்டே போகும். இரண்டாவது, நான்காவது அடிகளில் பேனா ஏறும். ஐந்தாவது அடியில் சரியாகச் சேர வேண்டிய புள்ளியில் போய் நிற்கும். மளிகைக் கடையில் சில்லறைப் பாக்கியை அடுத்த முறைக்கு எழுதிவைத்து, சேர்ந்ததும் தீர்ப்பதுபோல, ஒவ்வோர் அடியில் விழும் பிழையையும் எடுத்துச் சென்று உரிய இடத்தில் தீர்க்கிறது இந்த முறை. 1965-ல் ஐபிஎம்மின் ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. பேனாவுக்காக எழுதிய விதி பிறகு திரையின் பிக்சல்களுக்கும் அப்படியே பொருந்தியது.

அடுத்த அறையில் டெக் நிறுவனத்தின் பிடிபி-1. 4,096 சொற்கள் கொண்ட நினைவகம், ஒவ்வொரு சொல்லும் 18 பிட். காகித நாடா ஓடி முடிந்ததும் வட்டத் திரையில் இரண்டு விண்கலங்கள் தோன்றின. எம்ஐடியில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962-ல் எழுதிய ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டு. நடுவில் சூரியன், அதன் ஈர்ப்பில் வளைந்து செல்லும் கலங்கள், பின்னணியில் உண்மையான வானத்தின் நட்சத்திரங்கள்.

படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் திரையின் ஒளியில் இருக்கிறது. புள்ளி விழும் கணத்தில் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டு, பிறகு மஞ்சள் கலந்த பச்சையாக மெல்ல மங்குகிறது. ராடார் திரைக்கான ஒளிரும் பூச்சு (பாஸ்பர்) அது. கலம் திரும்பும்போது பின்னால் ஒரு பச்சைத் தடம் நிற்கிறது. குனிந்து உற்றுப் பார்த்தால் கலத்தின் விளிம்பில் தனித்தனிப் புள்ளிகள் தெரிகின்றன.

திரைக்கு இங்கே நினைவு கிடையாது. கணினிதான் ஒவ்வொரு புள்ளியையும் ஓயாமல் திரும்பத் திரும்ப இட வேண்டும். ஒரு புள்ளிக்கு 50 மைக்ரோ வினாடி. வினாடிக்கு 20,000 புள்ளிகளுக்கு மேல் இயலாது. வினாடிக்கு 20 முறை படத்தைப் புதுப்பித்தால் ஒரு படத்துக்கு ஆயிரம் புள்ளிதான் மிஞ்சும். அந்த ஆயிரத்துக்குள் ஒரு விண்வெளிப் போரையே காட்டியிருக்கிறார்கள். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் என்ற வசதி, நினைவகம் மலிவாகத் தொடங்கிய 1970-களில்தான் வந்தது. பாலோ ஆல்டோவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ரிச்சர்ட் ஷூப் 1973-ல் இயக்கிக் காட்டிய ‘சூப்பர்பெயின்ட்’ அதன் முன்னோடிகளில் ஒன்று.

அங்கிருந்து வரைகலைக் கூடத்துக்கு வந்தால், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தேநீர்க் கெண்டி. ‘யூட்டா டீபாட்’ என்று உலகம் அறிந்தது இதைத்தான். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் எவன்ஸும் ஐவன் சதர்லேண்டும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா நிதியோடு, ஒரு தலைமுறையையே உருவாக்கினார்கள். வளைந்த பரப்பில் நிறத்தைச் சீராகக் கலக்கும் வழியை ஆன்றி கூரோ 1971-ல் கொடுத்தார். பளபளப்பைக் காட்டும் வழி புய் துவோங் ஃபோங்குடையது. எட் கேட்மல் 1974-ல் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆழத்தைக் குறித்துவைத்து, எது முன்னால் இருக்கிறதோ அதை மட்டும் காட்டும் முறையைத் தந்தார். அன்று நினைவகம் விற்ற விலைக்கு அது பெரும் ஊதாரித்தனம். இன்று ஒவ்வொரு கைபேசியின் வரைகலைச் சிப்பிலும் அந்த முறை இருக்கிறது.

இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்க ஒரு பொருள் தேவைப்பட்டது. 1975-ல் மார்ட்டின் நியூவெல், மனைவி சான்ட்ரா சொன்ன யோசனைப்படி, வீட்டுத் தேநீர்க் கெண்டியைப் பார்த்துக் கட்டத்தாளில் வரைந்து எண்களாக மாற்றினார். கண்ணாடியருகே நின்று பார்த்தால் அவர் தேர்வின் அருமை புரிகிறது. வயிறு புடைத்திருக்கிறது; மூக்கு வளைந்து நீள்கிறது; கைப்பிடிக்குள் ஓட்டை இருக்கிறது; மூடியின் குமிழின் நிழல் கெண்டியின் மேலேயே விழுகிறது. கடினமான சோதனைகள் எல்லாம் ஒரே பாத்திரத்தில். திரையில் பழகிய உருவத்தைவிட அசல் சற்று உயரம் என்பதும் நேரில்தான் உறைக்கிறது. நியூவெல் அந்த எண்களைப் பூட்டிவைக்கவில்லை. கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் யாருடைய முறை சிறந்தது என்று ஒரே பொருளை வைத்து எல்லோராலும் ஒப்பிட முடிந்தது.

இந்தக் கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. 2002-ல் அருங்காட்சியகம் வாங்குவதற்கு முன் இது சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. நிறுவியவர் அதே யூட்டாவில் முனைவர் பட்டம் பெற்ற ஜிம் கிளார்க். ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது அவர் வடிவமைத்த ‘ஜியாமெட்ரி எஞ்சின்’ சிப்பில் 12-ஐ வரிசையாக இணைத்தார்கள்: நான்கு சுழற்றவும் நகர்த்தவும், ஆறு திரைக்கு வெளியே நீள்வதை வெட்ட, இரண்டு திரையின் அளவுக்குப் பொருத்த. நிரல் செய்துவந்த வேலை சிலிக்கானுக்கு மாறியது.

அதற்கு முன்பிருந்தே இன்னொரு சிக்கல். ஒரு நிறுவனக் கணினிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. இதைத் தீர்க்க ஆராய்ச்சியாளர்கள் 1976-ல் பிரான்ஸின் செய்யாக்கில் கூடிப் பேசினார்கள். 1977-ல் ‘கோர்’ வரைவு, 1985-ல் சர்வதேசத் தரமாக ஜிகேஎஸ், பிறகு முப்பரிமாணத்துக்கு ஃபிக்ஸ் என்று தரங்கள் வந்தன. பொருளை விவரிப்பது வேறு, அதை எங்கிருந்து பார்க்கிறோம் என்பது வேறு, எந்தக் கருவியில் காட்டுகிறோம் என்பது வேறு என்ற பிரிவினை அந்த விவாதங்களில்தான் உறுதிப்பட்டது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் தன் சொந்த நிரல்தொகுப்பைச் செப்பனிட்டு 1992-ல் ‘ஓப்பன்ஜிஎல்’ என்று பொதுவில் வைத்தது. போட்டி நிறுவனங்களும் சேர்ந்த குழு அதைப் பராமரித்தது. நிறுவனம் இந்தக் கட்டடத்தை விட்டுப் போன பிறகும் ஓப்பன்ஜிஎல் நிலைத்தது.

ஒரே கூரையின் கீழ் இவற்றை அடுத்தடுத்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இந்தத் துறையில் இயந்திரம் எதுவும் நிலைக்கவில்லை. நிலைத்தவை ஆய்விதழில் அச்சான கோட்டு விதி, கேட்டவருக்குக் கொடுத்த கெண்டியின் எண்கள், போட்டியாளர்கள் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட தரம். மூன்றுமே வெளிப்படையாகக் கொடுக்கப்பட்டவை. வரைகலைச் சிப்புகளின் உள்வேலை பெருமளவு நிறுவன ரகசியமாகிவிட்ட இந்த நாளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாணவர்கள் பிரெசன்ஹாமைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், கட்டத்தாளில் ஒரு கோட்டையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். தாங்கள் கண்டுபிடிப்பதை அடுத்தவர் எடுத்தாளும்படி எழுதிவைக்கவும் அவர்கள் பழக வேண்டும்.