சிற்றாணிக்கு உபசாரம்

திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழும் நமக்கு மோட்டார் சைக்கிளே குடும்ப வாகனம். மகனைப் பின்னிருத்திக் கோணேசர் ஆலயத்தினின்று கோட்டை வழியே இறங்கும்போது, இருவர் உயிரையும் காப்பது பிரேக். அதன் வட்டத்தகட்டைச் சக்கரத்தோடு பிணைப்பன சில போல்டுகளே. கடற்காற்றின் உப்பு அவற்றை அரிக்கும். ஓட்டத்தின் அதிர்வு தளர்த்தும்.

ஆதலின் தகட்டைக் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் துருவேறியவற்றை மாற்றி, மரையைத் துடைத்து, மரையை இறுக்கும் பசையில் ஒரு துளி இடுகிறோம். 1953இல் அமெரிக்கப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் கண்ட பசை அது. காற்றுப் புகாத இடுக்கிலேதான் இறுகும். பின்னர் எதிரெதிராய்ச் சிறிது சிறிதாக முடுக்கி, கைந்நூல் கூறும் அளவில் நிறுத்துகிறோம். மிகினும் மரை கெடும். குறையினும் ஆணி கழலும்.

இச்சிற்றாணிக்கு இத்தனை உபசாரமா என அயலார் நகைப்பதுண்டு. அச்சாணியின்றித் தேர் ஓடாதென்பதை அன்னார் மறந்தனர் போலும்!