கொல்லை வாசல் வழியாகத் திருச்சிக்கு

போர்ட் பிளேர்,
மாசி, 2025

அன்புள்ள தோழிக்கு,

திருச்சிக் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முதலில் ஒரு சங்கதியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நான் திருச்சிக்குக் கோலாலம்பூர் வழியாகப் போனேன்டி!

சிரிக்காதே. என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரித்தார். "தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாயா?" என்றார். வரைபடத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நம்மூரிலிருந்து சென்னையும் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர், கோலாலம்பூரும் ஏறக்குறைய 1,400. சின்ன வயதில் ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஏறி, பங்க் கிளாஸில் மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டே மெயின்லேண்டுக்குப் போவோமே, அது ஒன்றுதான் நமக்கு வாசல் என்று நினைத்திருந்தோம். 2024 நவம்பர் 16 அன்று ஏர் ஏசியா விமானம் கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கியதும் கொல்லைப்புற வாசலும் திறந்தது. புது வாசல் என்று சொல்ல முடியாது. ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டில் அந்தப் பக்கத்துக் கடாரத்தோடு மாநக்கவாரமும் வருகிறதே, அது நம் நிக்கோபார்தான். அவன் படையெடுத்துப் போனான். நான் பட்டுப்புடவையோடு போனேன்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் உண்டு. தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கி, நடுவே ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி வேண்டுமென்றே போட்டுக்கொண்டேன். சென்னை டிக்கெட்டை விடச் சில ஆயிரம் கூடத்தான் ஆயிற்று. அதை இவரிடம் சொல்லிவிடாதே. நம்மவர்களுக்கு மலேசியாவில் 2023 டிசம்பரிலிருந்து முப்பது நாளுக்கு விசா வேண்டாம். கிளம்புவதற்கு முன் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். காசு கேட்கிற தளம் எதிலாவது மாட்டிக்கொள்ளாதே. கைச்சுமை ஏழு கிலோ மட்டும். புடவையையும் கல்யாணப் பரிசையும் வைத்ததில் நான் போட்ட எலுமிச்சை ஊறுகாய்க்கு இடமில்லை. பெரியம்மாவுக்கு அதில் இன்னும் கோபம்.

அங்கே இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். போச்சே என்று வயிறெரிந்தேன். ஆனால் இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டி, ஏழு மணிக்குக் கொட்டாவி விடுகிற நமக்கு, அந்த ஊரில் ஏழு மணிக்கும் வெயில் அடிப்பதைப் பார்க்க எப்படி இருக்கும், சொல்! நமக்கென்று தனி நேரம் வேண்டும் என்று அப்பா புலம்புவாரே, அது அன்றைக்குத்தான் உறைத்தது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக விரைவு ரயில் 55 வெள்ளி. அங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நான் போனபோது ஒரு வெள்ளி நம் காசில் இருபது ரூபாய்க்குள் இருந்தது. பேருந்தில் 15 வெள்ளிக்குள் முடிந்தது. ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டுமே, செம்பனைத் தோட்டம் பார்த்துக்கொண்டே போகலாம். இறங்குகிற சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம், பிறகு ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் குடியிருந்த இடம். மல்லிகைப்பூ, முறுக்கு, பாத்திரக்கடை, உச்ச சத்தத்தில் சினிமாப் பாட்டு. நம்மூர் அபர்தீன் பஜாரைப் பத்து மடங்கு ஊதிவிட்ட மாதிரி இருந்தது.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஓர் அக்கா, "பசியாறியாச்சா?" என்றார். அந்தச் சொல்லிலேயே பாதிப் பசி அடங்கிவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார். அந்தமான் என்றதும், "சிறைச்சாலை படத்துல வருமே, அதுவா? அங்க தமிழங்க இருக்காங்களா?" மெயின்லேண்ட் சொந்தக்காரர்கள் இதையே கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அவர் கேட்டபோது கோபமே வரவில்லை. அவரையும் எத்தனை பேர் அப்படிக் கேட்டிருப்பார்களோ!

சாயங்காலம் நகர ரயிலில் இரட்டைக் கோபுரம். 452 மீட்டர். மேலே ஏறக் கேட்கிற காசுக்கு ஒரு சில்க் காட்டன் வாங்கலாம். கீழே பூங்காவில் உட்கார்ந்து, விளக்கில் நீரூற்று ஆடுவதை ஓசியில் பார்த்தேன். ஒரு படத்துக்குள் கோபுரம் முழுசாக அடங்க வேண்டுமென்று பக்கத்தில் ஒரு பையன் தரையிலேயே படுத்துவிட்டான். நானும் படுத்தேன். ஐம்பது வயதில்! இவருக்கு அனுப்பவில்லை, உனக்கு மட்டும் வரும்.

தங்கிய அறைக்கு ஜன்னல் கிடையாது. மலிவு விலைக்கு அதுதான் தண்டனை. விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் வெளியே வந்தால் ஏழு மணிக்குத்தான் வெளுக்கிறது.

விடியற்காலை ரயிலில் பத்துமலை. கட்டணம் மூன்று வெள்ளிக்குள். நிலையத்தை விட்டு வந்தால் முருகன் நிற்கிறார், 140 அடி, தங்க நிறம். 2006-இல் வைத்த சிலை. இதை விட உயரமானது இப்போது சேலம் பக்கம் முத்துமலையில் இருக்கிறது, ஆனால் பின்னால் இப்படி ஒரு சுண்ணாம்புக் குன்று அதற்கு இல்லை. 'பில்லா'வில் அஜித் ஆடினாரே, இதே இடம்தான். 272 படி. 2018-இல் வண்ணமடித்து வானவில் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். பாதியில் மூச்சு வாங்க நின்றபோது ஒரு குரங்கு என் கைப்பையைச் சுங்க அதிகாரி மாதிரி சோதனை போட்டது. குகைக்குள் மேலே ஓட்டை வழியாக வெளிச்சம் இறங்குகிறது. தம்புசாமிப் பிள்ளை என்பவர் நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே கோயில் தொடங்கியபோது இந்தப் படிகள் ஏது? எப்படித்தான் ஏறினார்களோ. நம்மூர் வெற்றிமலை முருகனை நினைத்துக்கொண்டேன்; அவர் கோயிலுக்கு இத்தனை மூச்சு வாங்காது.

அறை வாடகை, சாப்பாடு, ரயில், பேருந்து எல்லாம் சேர்த்து 150 வெள்ளி தாண்டவில்லை. மத்தியானம் திருச்சி விமானம். இறங்கியதும் குடிநுழைவு அதிகாரி முத்திரைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "போர்ட் பிளேர்ல இருந்து திருச்சிக்கா?" என்றார். கல்யாணத்துக்கு என்றேன். அவரும் சிரித்தார்.

கல்யாணக் கதை பெரிசு; பந்தியில் நடந்த சண்டையைத் தனிக் கடிதத்தில் எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று. பத்துமலை விபூதியைப் பெரியம்மா கையில் கொடுத்தேன், எங்கிருந்து என்று சொல்லவில்லை. நெற்றியில் பூசிக்கொண்டு, "வயலூர் விபூதிக்கு மணமே தனிடி" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, நீயும் திறக்காதே. உனக்குக் கொஞ்சம் மடித்து இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கொட்டிவிடப் போகிறாய்.

அன்புடன்,
உன் தீவுக்காரி