தலைக்கு மேலே இன்னொரு கூரை

சுங்கைப் பட்டாணியைக் கடந்து போகிறவர்கள் அதிகம். இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. பினாங்கிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் போகிறவர்களுக்கு அது நெடுஞ்சாலையில் ஒரு பெயர்ப்பலகை. ரயிலில் போகிறவர்களுக்கு இரண்டு நிமிட நிறுத்தம். ஆனால் கெடாவில் மக்கள் அதிகம் வாழும் நகரம் இதுதான். 1936-இல் கட்டிய மணிக்கூண்டு ஜாலான் இப்ராஹிமில் இன்னும் நிற்கிறது. அதைச் சுற்றி ஒரு காலத்தில் எந்தத் திசையில் நடந்தாலும் கித்தா மரம்தான். இப்போது அந்தத் தோட்டங்களில் பாதி செம்பனை, மீதி தாமான். லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைச் சீருடையில் பஸ் ஏறுகிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கும் வாகனங்களுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. வடக்கே குருணில் மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். அதே குருணில் நாசா தொடங்கிய தொழிற்சாலையில் கியாவும் பெஜோவும் பொருத்தப்பட்டன. இப்போது அது ஸ்டெலாண்டிஸ் கையில். தெற்கே கூலிமில் இனோகோம் ஆலையில் பிஎம்டபிள்யூ, மாஸ்டா கார்கள் உருவாகின்றன. புதிய கார் பிறக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவில் சுங்கைப் பட்டாணி. பழைய கார்கள் வைத்தியத்துக்கு வரும் ஊர் என்று இதைச் சொன்னால் தப்பில்லை. பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் டயர் கடை, ஸ்ப்ரே பட்டறை, ‘குஷன் கெரெத்தா’ என்று பலகை மாட்டிய கடைகள் வரிசையாக இருக்கும்.

என் பெரியப்பாவின் கார் அப்படி ஒரு குஷன் கடைக்குப் போகவேண்டியிருந்தது. பதினாறு வயதுக் கார். இன்ஜின் நன்றாக ஓடுகிறது. மேற்கூரைத் துணி மட்டும் கீழே தொங்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்தால் தலையில் ஈரத்துண்டு போட்டதுபோல் இருக்கும். பெரியம்மா குண்டூசி குத்தி நிறுத்திப் பார்த்தார். அடுத்த வாரம் குண்டூசிகளுக்கு நடுவே துணி பலூன்போல் உப்பிக்கொண்டது. நம் நாட்டில் இந்தக் காட்சியைப் பார்க்காத குடும்பம் இருக்கிறதா?

கடைக்கார அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். பீடோங் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் ஒரு சீனத் தவுக்கேயிடம் தையல் வேலை கற்றுக்கொண்டவர். அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. சன் வைசர், கைப்பிடி, நடுவிளக்கு, ஓரத் தூண்களின் பிளாஸ்டிக் உறைகள் எல்லாவற்றையும் வரிசையாகக் கழற்றினார். பிறகு முன் இருக்கையைச் சாய்த்துவிட்டு, கூரையின் உட்பலகையை முழுசாக, மடங்காமல், கதவு வழியே வெளியே எடுத்தார். கிட்டத்தட்ட ஆள் உயரப் பலகை. அதை ஒரே கையில் தூக்கிச் சுவரில் சாய்த்தார்.

“தூக்கிப் பாருங்கம்மா.”

தூக்கினேன். என் ஆபீஸ் பை அதைவிடக் கனம்.

பலகையின் ஓரத்தில் ஒரு மூலை பிய்ந்திருந்தது. அங்கே அடுக்குகளைக் காட்டினார். நாம் பார்க்கும் பக்கத்தில் பின்னல் பாலியெஸ்டர் துணி. அதன் முதுகில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்பாஞ்சு. அதற்கு மேல் கண்ணாடி இழை விரிப்பு. நடுவில் கொஞ்சம் விறைப்பான பாலியூரித்தேன் நுரை. மறுபடி கண்ணாடி இழை, கடைசியில் காகிதம்போல் ஒரு மெல்லிய விரிப்பு. வேஃபர் பிஸ்கட்தான்! தனித்தனியாக எடுத்தால் எதற்கும் பலம் இல்லை. நுரையை விரலால் நசுக்கலாம். இழை விரிப்பு துணிபோல் மடங்கும். ஒட்டிச் சூட்டில் அச்சில் அழுத்தினால் மட்டும் வளையாமல் நிற்கிறது.

காரணம் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டு காகிதத்துக்கு நடுவே அலைபோல் ஒரு காகிதம் வைத்தால் பெட்டி கிடைக்கிறது. பலகை வளையும்போது ஒரு பக்கத் தோல் இழுபடுகிறது, மறு பக்கம் நெருக்குப்படுகிறது. நடுவில் இருப்பதன் வேலை, அந்த இரண்டையும் விலக்கி வைத்திருப்பது மட்டுமே. அதற்குக் கனம் தேவையில்லை. ஒரே பொருளால் ஆன தகட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பொறியியல் மாணவர்கள் முதலில் படிக்கும் கணக்கு. அடுக்குப் பலகை அந்தத் தடிமனைக் காற்றடைத்த நுரையால் மலிவாக வாங்கிக்கொள்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. பாலிபுரொப்பிலின் பிளாஸ்டிக்கையும் கண்ணாடி இழையையும் தண்ணீரில் கலந்து, காகிதம் செய்வதுபோல் வடித்து, தகடாக அழுத்துவார்கள். அந்தத் தகட்டை அடுப்பில் காட்டினால் பிளாஸ்டிக் இளகும். அமுங்கிக் கிடந்த இழைகள் நிமிரும். தகடு பூரி மாதிரி உப்பும். உப்பிய நிலையிலேயே குளிர்ந்த அச்சில் வைத்து வடிவம் கொடுத்தால், உள்ளே காற்று நிறைந்த பலகை தயார். எடை குறைந்தால் எண்ணெய்ச் செலவு குறையும். மின்சாரக் காராக இருந்தால் கொஞ்சம் தூரம் கூடும். அதுவும் காரின் உச்சியில் எடை குறைவது, வளைவில் திரும்பும்போது நல்லது.

என் தொழில் காரணமாக எனக்கு வேறொன்றும் தோன்றியது. காலை நிகழ்ச்சியை நேயர்களில் பெரும்பாலோர் கேட்பது காருக்குள்தான். எங்கள் வானொலி அறையின் சுவரில் துளைகள் நிறைந்த பஞ்சுப் பலகைகள் இருக்கும். இல்லையென்றால் குரல் சுவரில் முட்டித் திரும்பி வந்து சொற்களைக் குழப்பும். கார் என்பது இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு டப்பா. அதில் இருக்கைகளை விட்டால் ஒலியை உறிஞ்சக்கூடிய பெரிய பரப்பு இந்தக் கூரைதான். துணியும் நுரையும் ஒலியை உள்ளே விடுகின்றன. காற்று அந்தச் சிறு துளைகளில் உரசி அடங்குகிறது. பலகைக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள வெற்றிடமும் உதவுகிறது. பலகை கழற்றிய காரில் உட்கார்ந்து வானொலியைப் போட்டுப் பார்த்தேன். சக அறிவிப்பாளரின் குரல் தகர டின்னுக்குள் பேசுவதுபோல் இருந்தது. (அவரிடம் இதைச் சொல்லவில்லை.)

சரி, ஏன் தொங்குகிறது? பசை விட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அண்ணன் பலகையில் கையை இழுத்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்க மஞ்சள் தூள். “பசை அங்கேயேதான் இருக்கு. துணியும் நல்லா இருக்கு. நடுவுல இருந்த ஸ்பாஞ்சுதான் செத்துப் போச்சு.” வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 50 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் சாதாரணம். அதோடு நம் ஊர் ஈரக்காற்று. வெப்பமும் ஈரமும் சேர்ந்து நுரையின் மூலக்கூறுச் சங்கிலிகளை வருடக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கின்றன. கடைசியில் அது மாவாகிறது. அதனால்தான் ஊசி போட்டுத் துணிக்குப் பின்னால் பசை செலுத்துவது நிற்பதில்லை. மாவின்மேல் எதை ஒட்டுவது?

அவர் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் அந்தத் தூளை முழுவதும் சுரண்டி எடுத்தார். இதுதான் வேலையின் பெரும்பகுதி. கண்ணாடி இழை கையில் ஏறினால் இரவு முழுக்க அரிக்கும் என்று முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். பிறகு வெப்பம் தாங்கும் பசையைப் பலகையிலும் புதுத் துணியின் ஸ்பாஞ்சுப் பக்கத்திலும் தெளித்து, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே போனார். ஸ்பாஞ்சு இல்லாத வெறும் துணியை ஒட்டித் தரும்படி கேட்கிறவர்கள் உண்டாம். பசை ஊறிக் கறையாகும், பலகையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும் என்று மறுத்துவிடுவார். அதைவிடப் பெரிய காரணம் தீ. அமெரிக்காவில் 1972 முதல், காரின் உள்துணி நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவக்கூடாது என்று விதியே இருக்கிறது. திரைச்சீலைத் துணிக்கு அந்தச் சோதனையெல்லாம் நடந்திருக்காது.

சின்னக் காருக்கு 250 வெள்ளி. “பசை காயணும். சாயங்காலம் வாங்கம்மா” என்றார்.

அரை நாள் கையில் இருந்தது. பெரியப்பா மகனின் மோட்டாரில் மெர்போக் போனோம். ஜெராய் மலை அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தை ஒட்டி, புக்கிட் பத்து பாஹாட் கோயில் இருக்கிறது. ராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரம் இந்த வட்டாரம்தான் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 1960 வாக்கில் கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்திய கோயில் அது. அடித்தளம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, தூண் நிறுத்திய கல் பீடங்கள் இருக்கின்றன. கூரை இல்லை. மரத்தாலும் ஓலையாலும் போட்டிருந்த கூரை மட்கிப் போய்விட்டது. நம் மண்ணில் முதலில் போவது எப்போதும் கூரைதான்போல.

திரும்பும் வழியில் ஆற்றோரம் நீப்பா ஓலை அடர்ந்து நின்றது. எங்கள் பாட்டி காலத்து லயங்களில் அத்தாப்புக் கூரை. ஓலை மேல் ஓலையாக அடுக்கிக் கட்டியது. குளிர்ச்சி, எடையும் இல்லை, ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பிறகு துத்தநாகத் தகரம் வந்தது. மாற்றவேண்டியதில்லை, ஆனால் மதியத்தில் உள்ளே உட்கார முடியாது. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வெறும் தகரக் கூரையின் குறை என்ன என்பதைக் கார் செய்கிறவர்களைவிடத் தோட்டத்து ஆட்கள் முன்பே அறிந்திருந்தார்கள்.

ஓலையும் நாரும் கார்களுக்குள் திரும்ப வருகின்றன என்பது இதில் சுவையான செய்தி. கண்ணாடி இழைக்குப் பதிலாகக் கெனாஃப் நாரைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து அழுத்திப் பலகை செய்கிறார்கள். 2013-இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 மின்சாரக் காரின் கதவு உட்பலகையில் அந்த நார் வெளிப்படையாகவே தெரியும். இங்கே, புகையிலை விவசாயிகளுக்கு மாற்றுப் பயிர் தேடியபோது கெனாஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். 2010-இல் தேசியப் புகையிலை வாரியத்தின் இடத்தில் தேசியக் கெனாஃப், புகையிலை வாரியம் அமைந்தது. நாலைந்து மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் செடி. ஏதோ அந்நியப் பெயராகத் தெரிகிறதா? நம் வீட்டில் பருப்போடு கடையும் புளிச்சக்கீரைக் குடும்பத்துச் செடிதான் அது.

சாயங்காலம் கடைக்குத் திரும்பியபோது பெரியப்பாவின் கார் தயாராக இருந்தது. ஆனால் அண்ணன் வேறொரு காருக்குள் தலையை விட்டிருந்தார். பக்கத்தில் இளம் தம்பதி, கையில் ஆறு மாதக் குழந்தை. செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், பினாங்கில் வேலை, மூன்றாம் கை காரை அப்போதுதான் வாங்கியிருக்கிறார்கள். ஓரத்தில் துணி லேசாகத் தூக்கியிருக்கிறது, ஒட்டிக் கொடுங்கள் என்று வந்தவர்கள்.

அண்ணன் தூணின் மேல்பகுதியைக் காட்டினார். ‘ஏர்பேக்’ என்று சின்ன எழுத்து. சன்னலுக்கு மேலே, கூரைப் பலகையின் ஓரத்துக்குப் பின்னால், திரைபோல் விரியும் காற்றுப்பை சுருட்டி வைத்திருக்கிறது. பக்கவாட்டில் மோதினால் கண் இமைப்பதற்குள் அது பலகையின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கவேண்டும். முன்பு எவரோ அந்த ஓரத்தைப் பசையால் தூணோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். போதாததற்கு நாலைந்து ஸ்டேப்ளர் முள் வேறு.

“தம்பி, இதை இப்ப ஒட்டினா பார்க்க அழகா இருக்கும். பை வரவேண்டிய நேரத்துல வராது. வந்தாலும் இந்த முள்ளையும் சேர்த்துத் தள்ளிட்டு வரும்.”

“இன்னிக்கே முடியாதுங்களா அண்ணே? நாளைக்கு வேலை.”

“இருபது வெள்ளிக்கு நான் ஒட்டிக் கொடுக்கலாம். கொடுக்க மாட்டேன்.”

அவர் கணக்கு இது: பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்கவேண்டும், பிறகு பலகையை வெளியே எடுத்து, பழைய பசையைச் சுத்தம் செய்து, தூண் உறைக்குப் புது கிளிப் போடவேண்டும். கிளிப் உடைந்திருந்தால் பழசையே பசை வைத்து நிறுத்த அவர் தயாரில்லை. ஒரு முழு நாள். கணவர் தயங்கினார். மனைவி பின் இருக்கையில் கட்டியிருந்த குழந்தை இருக்கையைப் பார்த்தார். அது சரியாக அந்த ஓரத்துக்குக் கீழேதான் இருந்தது.

“நாங்க கிராப் எடுத்துட்டுப் போயிடுறோம்” என்றார் அவர்.

அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு, குழந்தை இருக்கையை அவிழ்த்துத் துணியால் துடைத்து, அவர்களிடமே கொடுத்தார். “இதை இங்க வைக்காதீங்க. தூள் பறக்கும்.”