தைலமரமும் ஒரு படிமமும்

புதுக்கோட்டைப் பக்கத்தில் யூகலிப்டஸ் என்று யாரும் சொல்வதில்லை. தைலமரம். பெயரிலேயே ஒரு பிழை இருக்கிறது. தைலத்துக்குப் பேர் போனது நீலகிரி மரம். நீலம் பூத்த இலைகள் கொண்ட குளோபுலஸ். 1843 வாக்கில் அங்கே கொண்டுவரப்பட்டு, பிறகு விறகுப் பஞ்சத்துக்காக மலைச்சரிவுகளில் பரப்பப்பட்டது. எங்கள் செம்மண்ணுக்கு வந்தது வேறு இனம், டெரிடிகார்னிஸ் வழியில் வந்த மைசூர்க் கலப்பு. இதில் எண்ணெய் சொற்பம். காகிதக் கூழுக்கும் விறகுக்கும் சாரக் கழிக்கும்தான் லாயக்கு.

அப்பாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஊட்டியில் இரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். ஊர் திரும்பிய பின்னும் தலையணைக்கு அடியில் ஒரு தைலக் குப்பி வைத்திருந்தார். 1986ல், சமூகக் காடு என்று ஊருக்கு ஊர் கன்று கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பாலித்தீன் பையில் முழ உயரக் கன்று ஒன்றை சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்தார். கொல்லையில், எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவான கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி, சுவரோரமாக நட்டார். அகன்ற இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்தார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்ததாகத்தான் ஞாபகம். பிறகு நானே சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

மூன்றே வருஷத்தில் மரம் ஓட்டுக்கூரையைத் தாண்டிவிட்டது. அப்பா 1990ல் போனார். அடுத்த வருஷம் அந்த மரத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். 'அந்நியமாதல்' என்ற சொல் நம்மிடையே தாராளமாகப் புழங்கிய காலத்தின் மிச்சம் என்னிடம் இருந்தது. கடல் கடந்து வந்து, நிழல் தராமல், கூடு கட்டவும் வாட்டமில்லாமல், தன்னந்தனியாக நிற்கும் மரம். வேர் இருந்தும் ஊர் இல்லாத ஒன்று. அதில் அப்பாவும் இருந்தார், நானும் இருந்தேன். இரண்டு நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். 'படிமம் சுத்தமாக விழுந்திருக்கிறது' என்றார் ஒருவர். பல வருஷங்கள் அந்த வாக்கியத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

படிமம் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் எனக்கு மரத்தைத் தெரியாததுதான். நிழல் தரவில்லை என்று எழுதியிருந்தேன். ஏன் தரவில்லை என்று பார்க்கவில்லை. முதிர்ந்த இலைகள் விளிம்பு மேலும் கீழுமாகச் செங்குத்தாகத் தொங்குகின்றன. உச்சி வெயில் அவற்றின் மேல் படாமல் வழுகிக் கீழே விழுந்துவிடுகிறது. இது தனிமை அல்ல, சாமர்த்தியம். மொட்டைப் பார்த்ததும் பிறகுதான். இதழ்கள் ஒன்றாகக் கூடிக் கொம்பு மாதிரி ஒரு மூடி. பூக்கும் சமயம் மூடி அப்படியே கழன்று விழ, உள்ளே மகரந்தத் தாள்கள் மட்டும் வெள்ளையாக விரிகின்றன. 1788ல் பிரெஞ்சுக்காரர் லெரித்தியே இந்த மூடியை வைத்துத்தான் கிரேக்கத்தில் பெயரிட்டார்: நன்றாக மூடப்பட்டது. இலக்கியவாதி சந்தோஷப்பட வேண்டிய பெயர். நானும் சந்தோஷப்பட்டேன். மூடி இருந்தது என் கண்ணில் என்பது அப்போதும் உறைக்கவில்லை.

அடுத்த வீட்டு அக்கா முதலில் வந்து சொன்னது 1998ல். "தம்பி, எலுமிச்சை காயுது. உங்க மரத்து வேரு இங்கிட்டு வந்துருக்கு." பார்க்கலாம் அக்கா என்றேன். அடுத்த தடவை கிணறு. சித்திரையில் வற்றுவது மாசியிலேயே வற்றுகிறது என்றார். அப்பா வைத்த மரம் அக்கா என்றேன். அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டால் எதிர்த்தரப்புக்கு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் அதற்குள் ஆழ்குழாய் போட்டாகிவிட்டது. அவர் வாளியில்தான் இறைத்துக்கொண்டிருந்தார்.

தைலமரம் தண்ணீரை உறிஞ்சும் ராட்சசன் என்று மேடையில் பேசுகிறார்கள். அது பேச்சு. வேகமாக வளரும் எந்த மரமும் நிறையக் குடிக்கும். ஆனால் கோடையில் மற்ற மரங்கள் பல இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா இருக்க, இது பசுமை குறையாமல் ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். உதிரும் சருகும் சீக்கிரம் மக்காது. அதன் அடியில் புல்லும் தயங்கித்தான் முளைக்கும். காட்டில் இதன் நன்மை தீமையைப் பற்றி விவாதம் நடத்தலாம். பொதுக் கிணற்றுக்குப் பத்தடியில் விவாதத்துக்கு இடமில்லை.

2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. கிணற்றில் தவளை கூட இல்லை. அக்கா மூன்றாம் தடவையாக வரவில்லை. தெருக்குழாயில் குடத்தோடு நிற்பதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினார். அந்நியமாதல் பற்றி நான் வாசித்த எதிலும் இந்தத் திரும்பல் இல்லை.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடியும் முன் காற்று வந்தது. தைலமரம் வில்லாக வளைந்து வளைந்து நிமிரும் சத்தத்தை இருட்டில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் அக்காவின் இரண்டு தென்னையும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் மரம் நாலு கிளையை மட்டும் இழந்து நின்றுகொண்டிருந்தது. அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"உங்க மரம் நிக்குது தம்பி" என்றார்.

குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஊர் இல்லாத மரம் என்று நான் எழுதியது அந்த நிமிஷம் பொய்யாகப் போனது. அதற்கு ஊர் இருந்தது. அவருடைய ஊரில்தான் இருந்தது, அவர் தண்ணீரில். அந்நியமானது எலுமிச்சை, தென்னை, அப்புறம் அவரும் நானும்.

தை பிறந்ததும் ஆள் வைத்து வெட்டினேன். வந்த பணத்தில் கிணற்றைத் தூர் வாரினேன். இதைப் பிராயச்சித்தமாகச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷ மரத்தை அரை நாளில் துண்டு போட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். கிணற்றில் இப்போது மாசியிலும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. அது மரம் போனதாலா, நல்ல மழையாலா, தூர் வாரியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அக்கா பேசுகிறார், முன்போல அல்ல.

அடிக்கட்டை சாகவில்லை. இந்த இனம் வெட்ட வெட்டத் துளிர்க்கும். வரும் தளிரில் முதிர்ந்த மரத்தின் அரிவாள் இலை இல்லை. 1986ல் பாலித்தீன் பையில் வந்த கன்றின் அதே அகன்ற இலை. கிழமரம் திரும்பக் குழந்தையாகிறது. இதைப் பார்த்ததும் ஒரு வரி தானாக வந்து நின்றது. எழுதவில்லை.

இந்த ஐப்பசியிலும் துளிர்த்திருக்கிறது. அரிவாளைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன்.