பெருவிரலைப் பார்

தார்ப்பாய் மேல் மழை விழுகிற சத்தத்தில் போனில் வருணனை சரியாகக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் சார்ஜ் இறங்கிவிடும். கொள்முதல் நிலையத்து வாசலில் எங்கள் குவியலுக்கு முன்னால் பதினொரு குவியல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள். ஐப்பசி பிறந்ததும் பிடித்துக்கொண்ட மழையில் எந்த நெல் பதினேழில் நிற்கும்? சித்தப்பா காலிச் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு உட்கார்ந்து, என் தோள் வழியாகப் போனை எட்டிப் பார்க்கிறார்.

"எவன்டா பாடிப் போறான்?"

"அர்ஜுன் தேஸ்வால், சித்தப்பா."

"மூஞ்சியவே காட்டுறானுவ. காலைக் காட்டச் சொல்லுடா."

டெல்லியில் ஆட்டம். தமிழ் தலைவாஸ் 2025-லும் பிளே ஆஃபுக்குத் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது. புரோ கபடியின் 12-வது சீசன். ஆகஸ்ட் 29 அன்று விசாகப்பட்டினத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று ஜெயித்துத்தான் தொடங்கினார்கள். அன்று ராத்திரி எங்கள் தெருவில் இரண்டு பையன்கள் வெடி வெடித்தார்கள். குறுவைக் கதிர் அப்போது பால் பிடித்திருந்தது. அறுத்து, அடித்து, இங்கே கொண்டுவந்து கொட்டுவதற்குள் அணித்தலைவர் பவன் ஷெராவத் பாதியில் விலகிப் போயிருந்தார். ஒழுங்கு நடவடிக்கை என்றது அணி. அப்படியெல்லாம் இல்லை என்றார் அவர். யார் சொன்னது சரி என்று நாங்கள் கண்டோமா? பாடிப் போக ஓர் ஆள் குறைந்தது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

காலைக் காட்டச் சொல்வது சித்தப்பாவுக்கு இன்று நேற்று வந்த பழக்கமில்லை. வெண்ணாற்று மணலில் எங்களுக்கு சடுகுடு சொல்லிக் கொடுத்ததே அவர்தான். வயலில் இடம் கிடையாது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அறுத்த தாளுக்கு நடுவே அது முளைத்து நிற்கும். அதில் காலை வைத்தால் அப்பா முதுகுத்தோலை உரித்துவிடுவார். மாசி, பங்குனியில் களத்துமேடு. சித்திரையில் ஆறு வற்றியதும் படுகை. குதிகாலால் மணலில் கோடு கிழிப்போம். அதுதான் கட்டம். விழுந்தால் வலிக்காது. ஆனால் மணலில் ஓடிப் பழகியவன் தரையில் ஓடினால் பறப்பான் என்பார் சித்தப்பா.

"பாடி வர்றவன் கண்ணைப் பாக்காதே. கண்ணு பொய் சொல்லும். இடுப்பும் பொய் சொல்லும். பெருவிரலைப் பாரு. அவன் திரும்பறதுக்கு முன்னாடி பெருவிரல் திரும்பிடும்."

ஒரு சாயங்காலம் முழுக்க என்னை இடது மூலையில் நிறுத்தி, அவரே பாடி வந்து காட்டினார். அப்போது 30 விநாடிக் கணக்கெல்லாம் கிடையாது. மூச்சுதான் கடிகாரம். வெற்றுக்கால். ஈர மணல் ஒட்டிய பெருவிரல் லேசாக உள்பக்கம் மடங்கியது. அடுத்த நொடி அவர் வலப்பக்கம் பாய்ந்தார். பதினேழு, பதினெட்டு தடவை விட்டேன். கடைசியில் ஒரு தடவை கணுக்கால் கையில் மாட்டியது. விடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணலில் புரண்டேன். சித்தப்பாவின் கழுத்தெலும்பில் ஒரு முண்டு இருக்கிறது. வடுவூரில் ஆடும்போது முறிந்து கோணலாகக் கூடியது. அன்றைக்குத்தான் அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் சில நாளில் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்துவிடும். நுரையும் சருகுமாக முதலில் ஒரு நாக்கு மாதிரி நீளும். நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டம் அழியும். யாருக்கும் வருத்தம் இருக்காது. நாற்றங்கால் வேலை வந்துவிடும். ஆட்டத்தை முடித்துவைப்பது ஆறுதான்.

2017-ல் ஆறு அதைச் செய்யவில்லை. முந்தைய சம்பா கருகி, கடன்பட்டவர்கள் வீட்டில் சாவு விழுந்து, டெல்டாவே வாய்மூடிக் கிடந்த வருஷம். ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. அக்டோபர் 2-ம் தேதிதான் திறந்தார்கள். ஆடி பிறந்தும் பையன்கள் ஆற்று மணலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடியிலும் அழியாத கட்டத்தைப் பார்க்கப் பெரியவர்களுக்கு வயிறு எரிந்தது. அந்த ஜூலை 28 அன்றுதான் தமிழ் தலைவாஸ் ஐதராபாத்தில் முதல் ஆட்டம் ஆடியது. சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர். அஜய் தாக்கூர் அணித்தலைவர். தெலுங்கு டைட்டன்ஸிடம் தோற்றோம். டீக்கடை டிவி முன்னால் நாற்பது பேர் இருந்தோம். பல நாளுக்குப் பிறகு அத்தனை பேர் ஒரே இடத்தில் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். அந்த ஒரு ராத்திரிக்காகவே இந்த அணியை என்னால் விட முடியாது.

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. முதல் மூன்று சீசனும் அடிமட்டம்.

அணியில் நம்மூர்க்காரன் எத்தனை பேர் என்று சித்தப்பா விரலை மடக்குவார். ஒரு கைக்குள் முடிந்துவிடும். அவருக்கு இது ஆறாத குறை. வடுவூரில் பிறந்த பிள்ளை நடக்கிறதுக்கு முன்னாடி பிடி கத்துக்கும், இவனுங்க ஹரியானாவுல போய் ஆள் தேடுறானுவ என்பார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லணைப் பக்கத்து மண். 2016-ல் பாட்னா பைரேட்ஸின் தலைவராகக் கோப்பை வாங்கினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பை எடுத்த இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. கூட ஆடுகிறவர்கள் வடக்கத்திப் பையன்களானாலும் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெங்களூரு, புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று ஊர் ஊராக ஆடினார். தமிழ் தலைவாஸுக்கு ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2024-ல் வியூகப் பயிற்சியாளராகத்தான் வந்தார்.

நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகனிடம் ஒருமுறை இதைப் புலம்பினேன். அவன் அங்கே நியூயார்க் ஜயண்ட்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணிக்காக உயிரை விடுகிறவன். "பேரு நியூயார்க், ஆடுற மைதானம் இருக்கறது நியூ ஜெர்சி. ஆடுறவன் எந்த ஊரில் பிறந்தான்னு இங்க யாரும் கேக்கறதில்ல. அந்தச் சட்டையைப் போட்டா நம்மாளு, அவ்வளவுதான் மச்சான்" என்றான். எனக்கு அது முழுசாகச் செரிக்கவில்லை. ஆனால் 2022 என்று ஒன்று வந்தது.

அந்த ஆண்டு பவனை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்திருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. எதிரில் நின்ற குஜராத் அணிக்குத் தலைவர் நம்ம தமிழ்ப் பையன் சந்திரன் ரஞ்சித். பவனைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தே போய்விட்டார். ஆனால் நரேந்தர் என்று யாரும் அறியாத ஒரு பையன் பாடிப் பாடியே 243 புள்ளி சேர்த்தான். சாகரும் சாஹிலும் மூலையில் நின்று கவ்வினார்கள். முதல் தடவையாக அரையிறுதி. அதற்கு முந்தைய ஆட்டம் உ.பி. யோதாஸோடு 36-36 என்று முடிந்து, டை-பிரேக்கரில் 6-4. மார்கழிக்கு முந்தின குளிரில் தெருவே முழித்துக்கொண்டிருந்தது. மூலையில் நின்ற பையன் ஒரு கணுக்காலைப் பிடித்தபோது சித்தப்பா கத்தினார்: "பாத்தியா, விரலைப் பாத்தான்! விரலைப் பாத்தான்!" ஹரியானாப் பையன் என்பது அன்றைக்கு அவருக்கு நினைவே இல்லை. இரண்டு நாள் கழித்துப் புனேயிடம் 39-37 என்று தோற்றோம். இரண்டே புள்ளி. அதற்கப்புறம் அந்தப் படியை இன்னும் தொடவில்லை.

தார்ப்பாய் மூலையில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. எழுந்து கம்பால் தள்ளிவிட்டு வந்தேன். அதற்குள் போன் அணைந்துவிட்டது. ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்காமல் சித்தப்பா முழங்கை வரை குவியலுக்குள் கையை விட்டார்.

"சுடுதுடா."

பிடி நெல்லை அள்ளி வெளியே எடுத்தார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். இரண்டு மூன்று நெல்லில் வெள்ளையாக, நகக்கண் அளவு முளை.

தலைவாஸ் பிளே ஆஃபுக்குப் போகவில்லை. கோப்பை டெல்லிக்குப் போயிற்று. அதற்குள் அக்டோபர் 23 அன்று பஹ்ரைனிலிருந்து செய்தி வந்திருந்தது: ஆசிய இளையோர் விளையாட்டில் ஈரானை வென்று இந்தியாவுக்குக் கபடித் தங்கம். பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ். இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் என்று முதலமைச்சர் அறிவித்தார். பேப்பரைச் சித்தப்பா இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

அன்றைக்கு மழை விட்டு வெயில் வந்திருந்தது. நெல்லைத் தார்ச் சாலையில் பரப்பினோம். "வடுவூர்ல எந்தத் தெருன்னு போட்டிருக்கானா?" என்று கேட்டுக்கொண்டே, வேட்டியை மடித்துக்கட்டி, வெற்றுக்காலோடு நெல்லுக்குள் இறங்கி நடந்தார். பெருவிரல் பட்ட இடத்தில் ஈர நெல் இருபுறமும் விலகி, அவருக்குப் பின்னால் நேராக ஒரு கோடு விழுந்துகொண்டே போனது.