ஊரப்பாக்கத்திலிருந்து தெற்கே

திருச்சி நெடுஞ்சாலையில் வண்டலூரைக் கடந்ததும் வருவது ஊரப்பாக்கம். ஏரியும் வயலும் சூழ இருந்த சிற்றூர், இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஊராகிவிட்டது. 2023 டிசம்பர் 30இல் அடுத்துள்ள கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், சாலைக்கு இரவிலும் உறக்கமில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்பும் குடும்பங்கள் பிரியாணிக் கடைகளின் முன் காத்து நிற்பதையும் காணலாம். நானும் நின்றிருக்கிறேன்.

நம் முன்னோர் கற்ற ஞானோபதேசத்தில், தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியமும் ஒன்று. அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம். இந்த அழகிய சொல் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மட்டசனம் என்பது பட்டினியன்று. அளவறிந்து உண்பதும் பருகுவதுமாகும். கானாவூரில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய ஆண்டவர் விருந்தை வெறுத்தவரல்லர். திமொத்தேயுவின் வயிற்று நோவுக்குச் சிறிது இரசம் அருந்துமாறு புனித பவுலே எழுதினார். ஆயினும் இதை அப்படியே நம் ஊரில் போதிக்க என் மனம் தயங்குகிறது. இங்கே பலர் விருந்துக்காகக் குடிப்பதில்லை. தம்மை மறப்பதற்காகவே குடிக்கின்றனர்.

ஊரப்பாக்கத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் எனக் கடந்து, கொளவாய் ஏரிக்கரையோரம் செங்கல்பட்டை அடையலாம். அதற்கும் தெற்கே மதுராந்தகம் பகுதி. 2023 மே மாதத்தில் அங்கும், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பக்கத்திலும் விஷச் சாராயம் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் குடித்ததில் கலந்திருந்தது, தொழிற்சாலைகளுக்குரிய மெத்தனால். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. உயிர் தப்பியவரும் பார்வை இழக்க நேரிடும். மாண்டோருள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்.

இவ்வழியெங்கும் பனைமரங்கள் நிற்கின்றன. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிடில் அதே சாறு புளித்துக் கள்ளாகும். நம் வீடுகளில் அந்தச் சுண்ணாம்பாக இருந்தவை ஒருசந்தியும் சுத்தபோசனமும். இன்று ஒருசந்திக் கடமை விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களுக்குச் சுருங்கிவிட்டது. அதுவும் பதினெட்டு வயது முதல் ஐம்பத்தொன்பது வரையுள்ளோருக்கே.

எனினும் குடிநோய் முற்றியவரை ஒருசந்தியால் மட்டும் மீட்டுவிடலாம் என எண்ணலாகாது. திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். மருத்துவரின் துணை வேண்டும். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இப்பணியைச் செய்து வருகிறது.

டப்ளின் நகரத் தொழிலாளி மத்தேயு தால்பட் இளமையிலேயே குடிக்கு அடிமையானவர். 1884இல் மதுவிலக்கு வாக்குக் கொடுத்தார்; 1925இல் இறக்கும்வரை மீண்டும் தொடவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. தவக்காலம் நாற்பது நாளும் விலகியிருந்து, பாஸ்கா ஞாயிறு மாலையே கடைக்குத் திரும்புவோர் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களை ஏளனம் செய்ய வேண்டாம். தால்பட் முதலில் வாக்களித்தது மூன்று மாதங்களுக்கே.