முகூர்த்தமில்லா நாள்

சேலத்தில் நிற்பவருக்குத் திசையறிய மலைகளே போதும். வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவே திருமணிமுத்தாறு. நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் மல்லூரைக் கடந்ததும் நிலம் விரியத் தொடங்குகிறது. இராசிபுரத்தை நெருங்கும்போது போதமலை தெரியும். அதற்கும் அப்பால், வானத்தின் அடியில் நீலக்கரை இட்டாற்போலக் கிடப்பது கொல்லிமலை. 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்குகிறது. எனினும் இரண்டு ஊர்களையும் பிரித்துப் பார்க்க வெயிலுக்குத் தெரியவில்லை. சித்திரையில் இரண்டும் ஒன்றாகவே காய்கின்றன.

ஒளிப்படக் கருவிக்கும் இந்நிலத்துக்கும் பழைய உறவு உண்டு. டி. ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் சேலத்தில்தான் இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் இந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது. அவ்வளைவைக் கடந்துதான் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நோக்கி மிதிவண்டிகள் விடியலில் செல்கின்றன.

இச்சமவெளியில் வாழும் ஓர் இளைஞனை எண்ணிக்கொள்ளலாம். அவனுக்குப் பெயர் வேண்டியதில்லை. அவனைப் போன்றோர் ஆட்டையாம்பட்டியிலும் இராசிபுரத்திலும் சேந்தமங்கலத்திலும் பலர் உளர். கல்லூரியில் படிப்பவன், வார இறுதிகளில் திருமணங்களுக்கு ஒளிப்படம் எடுப்பவன். தந்தை முப்பது ஆண்டுகள் சரக்குந்து ஓட்டி ஓய்ந்தவர். தாயும் பாட்டியும் வீட்டில். தங்கைக்குப் பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி, வீட்டு முற்றத்தில் அவனுடைய மலைமிதிவண்டிக்கு அருகே நிற்கிறது.

சித்திரை, வைகாசி, ஆனி ஆகிய மூன்று மாதங்களே அவன் தொழிலின் அறுவடைக் காலம். ஆடியில் திருமணம் இல்லை. அதற்கும் சேர்த்து முன்னரே ஈட்டியாக வேண்டும். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு விடியலில் முகூர்த்தம் என்று வாரங்கள் ஓடுகின்றன. மண்டபத்தில் அடுப்பு மூட்டும் சமையற்காரருக்கு அடுத்தபடி விழித்தெழுபவர் ஒளிப்படக்காரரே. அதிகாலை மூன்று மணிக்கு மின்கலங்கள் நிறைந்துள்ளனவா, மெமரி கார்டுகள் வெறுமையாக உள்ளனவா என்று பார்த்துக்கொண்டு மணமகள் அறையின் வாயிலில் காத்திருக்க வேண்டும். உள்ளே பூச்சூடல் முடியவில்லை என்பார்கள். வெளியே, இன்னும் ஏன் தொடங்கவில்லை என்பார்கள். இரண்டுக்கும் அவனே விடை சொல்ல வேண்டியவன்.

தாலி கட்டும் பொழுது சில நொடிகளே. கெட்டிமேளம் முழங்கியதும் மண்டபமே எழுந்து நிற்கும். அட்சதை தூவ நூறு கைகள் உயரும்; இப்போது அவற்றிற் பாதிக் கைகள் கைபேசியோடு உயர்கின்றன. மணமகனின் தோளுக்கும் நாத்தனாரின் கைக்கும் இடையே கிடைக்கும் ஒரு சாண் இடைவெளியில்தான் லென்ஸ் நுழைய வேண்டும். தவறினால் மீண்டும் கட்டச் சொல்ல இயலாது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடியதைப் படித்தவர் பலர். அம்பின் விசையே அதில் வியப்பாகத் தோன்றும். ஆனால் எய்வதற்கு முன் அவ்வில்லாளன் நின்ற நிலையை, அந்தக் காத்திருப்பை, திருமண ஒளிப்படக்காரரைக் கேட்டால் நன்றாகச் சொல்வார்.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். முன்பணம் எளிதில் வந்துவிடும். மீதித்தொகை ஆல்பம் கைமாறும் நாளில் என்பது வழக்கம். ஆல்பத்தைப் பார்க்கும் ஆவல் தணிந்தபின் அத்தொகையை மறந்துவிடும் வீடுகளும் உண்டு.

அவன் இத்தொழிலைக் கற்ற இடம் மண்டபமன்று. சேகோ ஆலையின் உலர்களம். மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த மாவும் சவ்வரிசியும் காயும் அக்களங்கள், இவ்வட்டாரத்தில் கண்ணைக் கூசவைக்கும் வெண்மையோடு பரந்து கிடக்கும். முதன்முதலாக அங்கே எடுத்த படங்களில் சவ்வரிசி சாம்பலைப் போல மங்கித் தெரிந்தது. கருவி பழுது என்றே நினைத்தான். பழுதன்று. ஒளிப்படக் கருவியில் உள்ள ஒளியளவி, தன் முன்னுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று கொண்டே கணக்கிடும். எதிரே முழுதும் வெண்மையாக இருந்தால், ஒளி மிகுந்துவிட்டது என்று எண்ணி அதனைக் குறைத்துவிடும். எனவே வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கருவி சொல்வதற்கு மேல் ஒரு படியோ ஒன்றரைப் படியோ ஒளியைக் கூட்ட வேண்டும். அடர்ந்த அரக்குப் பட்டுக்கு இதற்கு நேர்மாறு. வெண்பட்டு வேட்டியும் அரக்குப் புடவையும் அருகருகே அமர்ந்திருக்கும் மணவறையில், எதற்கு எவ்வளவு என்பதைக் கருவி தீர்மானிக்காது. களத்தில் மாவைக் கிளறிக்கொண்டிருந்தோர் சிரிக்கச் சிரிக்க, தங்கையை வெயிலில் நிறுத்தி, அவன் இதைப் பழகினான். நின்ற தங்கையும் சேர்ந்தே கற்றுக்கொண்டாள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

முகத்தை உருவாக்கித் தந்து வாழ்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் (1888–1972) கவிதையால் பெயர் பெறும் முன் ஓவியம் வரைந்து வாழ்ந்தவர்.

வார நாள்களின் விடியல் மிதிவண்டிக்குரியது. இராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி. அங்கே சமவெளி முடிந்து, கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கும். எண் இருப்பது ஆறுதலா, துன்பமா என்பது ஏறுபவரின் மூச்சைப் பொறுத்தது. மேலே செல்லச் செல்ல வெயிலின் கடுமை குறையும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை தணியும் என்பது பொதுக் கணக்கு.

மலைமிதிவண்டிக்கு அகன்ற டயரும் அதிர்வு தாங்கியும் உண்டு என்பதைக் கண்ணே சொல்லிவிடும். அதன் உண்மையான வலிமை பற்சக்கரங்களில் இருக்கிறது. சாதாரண மிதிவண்டியில் மிதிகட்டையோடு சேர்ந்த சக்கரத்தில் 44 பற்களும் பின்சக்கரத்தில் 18 பற்களும் இருந்தால், ஒருமுறை மிதிக்கப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுழலும். சமவெளியில் அது வேகம். மலையில் அது சுமை. மலைமிதிவண்டியில் முன்னே 22 பற்களும் பின்னே 34 பற்களும் அமையுமாறு சங்கிலியை மாற்றினால், ஒரு மிதிக்குச் சக்கரம் முழுதாக ஒரு சுற்றுக்கூடச் சுழலாது. தொலைவு குறைகிறது, ஆனால் ஒவ்வொரு மிதியும் கால் தாங்கக்கூடியதாகிறது. நடப்பவரைவிடச் சற்றே விரைவாக, அவ்வளவுதான், மலை ஏறுகிறது. இந்த மெதுவில்தான் மிளகுக்கொடி படர்ந்த மரமும், பாறையில் வழியும் ஈரமும், வளைவுச் சுவரில் அமர்ந்து பேன் பார்க்கும் குரங்குகளும் தென்படுகின்றன. பேருந்தில் செல்வோருக்கு இவை கிட்டுவதில்லை. அவர்களுள் பலர் முப்பதாவது வளைவுக்குள் கண்ணை மூடிக்கொள்வர்.

இவ்வகை மிதிவண்டி பிறந்த கதை சுவையானது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் மாவட்டத்து இளைஞர் சிலர் பழைய, கியரில்லாத, அகன்ற டயர் மிதிவண்டிகளை மலைமேல் கொண்டுசென்று மண்பாதைகளில் கீழே ஓட்டினர். 1976இல் அதுவே பந்தயமாயிற்று. அம்மிதிவண்டிகளின் பிரேக் பின்சக்கர அச்சுக்குள் இருந்தது. இறக்கம் முழுதும் அதைப் பிடித்துக்கொண்டே வந்தால் உள்ளிருக்கும் மசகு வெந்து புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் அச்சைப் பிரித்து மசகை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. மீண்டும் அடைத்தல் என்னும் பொருளில் ‘ரீபேக்’ என்பதே அப்பாதைக்குப் பெயராயிற்று. அவர்களோடு ஓட்டிய வெண்டி கிராக் என்னும் பெண், இருபது கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள மிதிவண்டியில் மலையேறி, நண்பர்களைப் படமெடுத்து வந்தார். இருபது ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், மலைமிதிவண்டி ஒரு போட்டியாக இடம்பெற்றது. அதன் தொடக்கம் எப்படி இருந்தது என்று உலகம் இன்று பார்ப்பது பெரிதும் அப்பெண்ணின் படங்கள் வழியாகத்தான்.

வெந்த மசகின் கதையைத் தந்தையிடம் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் டிரம் காய்ந்து கிளம்பும் அந்த நாற்றத்தை அவர் எத்தனையோ மலைச்சாலைகளில் நுகர்ந்தவர். சரக்குந்து ஓட்டிய காலத்தில் அவர் வீட்டில் இருந்த கோடைகள் குறைவு. பிள்ளைகளின் விடுமுறைக்கும் பாரம் ஏற்றும் நாளுக்கும் என்றுமே பொருத்தம் இருந்ததில்லை. இப்போது அவர் வீட்டில் இருக்கிறார், மகன் இல்லை. உறவினர் கூடும் ஞாயிறுகளிலெல்லாம் அவன் வேறு யாருடைய உறவினரையோ வரிசையாக நிறுத்திக்கொண்டிருக்கிறான்.

ஒருநாள் தாய் சுவரில் மாட்டக் குடும்பப் படம் ஒன்று கேட்டார். வீட்டுக் கணினியில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தன. பாட்டி இருந்தார், தந்தை இருந்தார், தங்கை, மாவு படிந்த முகத்தோடு, மிகுதியாக இருந்தாள். அவன் ஒன்றில்கூட இல்லை. கடைசியாக அகப்பட்டது, அவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஊர்த் திருவிழாவில் யாரோ எடுத்தது. தாய் ஒன்றும் சொல்லவில்லை. அதையே மாட்டினார்.

செவ்வாய்க்கிழமைகளில் முகூர்த்தம் வைப்பதில்லை. ஒளிப்படக்காரரின் ஞாயிறு அதுவே. வைகாசியில் அப்படியொரு செவ்வாயன்று வீடே கொல்லிமலைக்குப் புறப்பட்டது. தாயும் பாட்டியும் பேருந்தில், தந்தை தம் டிவிஎஸ் வண்டியில் தண்ணீர்க் குடுவைகளோடு, அவன் மலைமிதிவண்டியில். தங்கை, அரசு கொடுத்த வண்டியிலேயே தானும் வருவேன் என்றாள். கியர் இல்லை, முடியாது என்று அவன் பற்சக்கரக் கணக்கை விளக்கினான். கணக்குத் தனக்கும் தெரியும் என்றாள் அவள்.

முதல் ஐந்து வளைவுகளை நின்றபடியே மிதித்துக் கடந்தாள். பிறகு தள்ளினாள். சாலை சற்றே தணிந்த இடங்களில் ஏறி மிதித்தாள், மீண்டும் தள்ளினாள். அண்ணன் தன் மிதிவண்டியைத் தருவதாகச் சொன்னபோது, “உன்னோடதுல ஏறினா உன் வண்டி ஏறுனதாத்தான் இருக்கும்” என்றாள். இருபத்திரண்டாம் வளைவில் உட்கார்ந்துவிட்டாள். தந்தை, மேலே செல்லும் சிறு சரக்குந்து ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார். ஓட்டுநரோடு அவர் பேசிய இரண்டு சொற்களிலேயே பழைய தொழில் தெரிந்துவிட்டது. மிதிவண்டியும் தங்கையும் காலிப் பெட்டிகளுக்கிடையே ஏற்றப்பட்டனர். எண்ணை மறக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்பவள்போல அவள் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு சென்றாள்.

சோளக்காட்டில் பலாப்பழ மணம் நிறைந்திருந்தது. மூச்சிரைக்க அவன் வந்து சேர்ந்தபோது, அவனுடைய பையிலிருந்த கருவியைத் தங்கை எடுத்துவிட்டாள். தந்தையின் வேட்டி வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. யாரும் சொல்லாமலே ஒளியை ஒரு படி கூட்டினாள். “அண்ணா, நீயும் போய் அம்மா பக்கத்துல நில்லு.”

எத்தனையோ மணமக்களுக்குக் கையை எங்கே வைப்பது, முகத்தை எவ்வளவு திருப்புவது என்று சொல்லித்தந்தவனுக்கு, தன் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றைச் சட்டைப்பையில் இட்டான், எடுத்தான். தாய் தம் முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அதற்குள் தங்கை மூன்று முறை அழுத்திவிட்டாள்.

இறங்கும் முன் தந்தை மிதிவண்டியின் பிரேக் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். “புடிச்சுக்கிட்டே எறங்காதே கண்ணு. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைச்சுக்க, வளைவுல விட்டுரு. ஏறி வர்ற வண்டிக்கு நின்னு வழி விடு.” தங்கையின் வண்டி பேருந்தின் கூரையில் வரட்டும் என்றும் சொன்னார். அவள் மறுத்துப் பேச வாயெடுத்து, கீழே தெரிந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

பேருந்து புறப்பட இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பாட்டி ஒரு பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, விலை பேசத் தொடங்கியிருந்தார்.